ஏற்காடு அப்புறம், முதலில் டீ கிளாஸ்

வரையத் தொடங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அக்கா, ஏற்காட்டுல எங்க உட்கார்ந்தா வியூ நல்லா இருக்கும்?" சேலத்தில் இருந்துகொண்டு வடக்கே தலையைத் தூக்கினால் சேர்வராயன் மலை நிற்கிறது. ஆசை வரத்தான் செய்யும். ஆனால் நான் சொல்கிற பதில் அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். ஏற்காட்டுக்கு மூன்றாவது மாதம் போகலாம். முதலில் உங்கள் முன்னால் இருக்கிற டீ கிளாஸை வரையுங்கள்.

இது தினமும் ஒரு பக்கம் வரைகிற பழக்கத்துக்கான வழிகாட்டி. ஒரு பொருள், அல்லது ஓர் ஆள், அல்லது ஒரு சின்னச் சம்பவம். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ. கொஞ்சம் குறும்பு. கீழே தேதியும் ஒரு வரியும். நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன், ஓவியக் கல்லூரிப் பக்கம் போனதில்லை. ஒன்பது வருடம் இப்படி வரைந்ததில் இப்போது இருபத்தேழாவது நோட்டு ஓடுகிறது. புதியவர்களுக்கு எது கைகொடுக்கும், எது அவர்களை முதல் வாரத்திலேயே ஓட வைக்கும் என்பது ஓரளவு பிடிபட்டிருக்கிறது. மூன்று மாதக் கணக்கில் பிரித்துச் சொல்கிறேன்.

ஏன் மலையிலிருந்து தொடங்கக் கூடாது? மலை பெரியது. அதை ஒரு பக்கத்துக்குள் அடக்கத் தெரியாமல் முதல் நாளே மனம் விட்டுப்போகும். இன்னொரு காரணம்தான் எனக்கு முக்கியமானது. நாம் ரசிக்கிற குறும்புப் படங்களை எடுத்துப் பாருங்கள், அவை எல்லாமே வரைந்தவரின் அன்றாடத்திலிருந்து வந்தவை. ஜப்பானின் ஹொக்குசாய் என்றதும் பேரலைப் படம்தான் நினைவுக்கு வரும். அதே மனிதர் குளிப்பவர்கள், சுமை தூக்குபவர்கள், முகத்தைக் கோணிக் காட்டுபவர்கள் என்று கண்ணில் பட்டதை எல்லாம் சின்னச் சின்னப் படங்களாக வரைந்து குவித்தார். அவற்றின் முதல் தொகுதி 1814இல் வந்தது. மொத்தம் 15 தொகுதிகள், கடைசியில் சில அவர் 1849இல் இறந்த பிறகுதான் வெளிவந்தன. கோவாவின் மாரியோ மிராண்டா சின்ன வயதில் வீட்டுச் சுவரெல்லாம் வரைந்துவைக்க, அவருடைய அம்மா ஒரு வெற்று நோட்டைக் கையில் கொடுத்துவிட்டார். பின்னால் 1949, 50, 51 ஆண்டுகளில் அவர் எழுதிய நாட்குறிப்புகள் முழுக்கப் படங்கள்: ஊர்க்காரர்கள், நண்பர்கள், விருந்துகள். நம் கோபுலு 1924இல் தஞ்சாவூரில் பிறந்தவர். விகடனில் ஒரு சொல்கூட இல்லாமல் அவர் வரைந்த சிரிப்புப் படங்களைப் பார்த்தால் அந்தக் காலத்து வீடு எப்படி இருந்தது என்றே தெரிந்துகொள்ளலாம். ஆர்.கே. லக்ஷ்மண் பத்திரிகைக்கு அரசியல்வாதிகளை வரைந்தார், ஆசைக்குக் காக்கையை வரைந்தார். காக்கையைப் பார்க்க அவர் எங்கும் டிக்கெட் எடுத்துப் போக வேண்டியிருக்கவில்லை.

நோட்டும் பேனாவும்

கடைக்குப் போனால் பெரிய கலர் செட் ஒன்றைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். வேண்டாம். கோடு போடாத நோட்டு ஒன்று, பேனா ஒன்று போதும்.

நோட்டு ஏ5 அளவில், அதாவது ஜெராக்ஸ் தாளைப் பாதியாக மடித்த அளவில் இருந்தால் கைப்பையில் போகும், பஸ் ஸ்டாண்டில் மடியில் வைத்தும் வரையலாம். தாளின் கனத்தை ஜிஎஸ்எம் என்ற கணக்கில் சொல்வார்கள். ஜெராக்ஸ் தாள் 70, 75 ஜிஎஸ்எம் இருக்கும், அதில் மை பின்பக்கம் தெரியும். பேனாவுக்கு 120 போதும். வாட்டர்கலர் பூச 200க்கு மேல் வேண்டும், நன்றாக நனைத்துப் பூச 300. முதல் நோட்டு விலை உயர்ந்ததாக இருக்கவே கூடாது. நல்ல தாளைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் கை அப்படியே நின்றுபோவதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். கனமான டிராயிங் தாள் வாங்கி, வெட்டி, ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அட்டையை முழுக்கப் பின்னால் மடித்துப் பிடிக்க முடிவதால் நின்றுகொண்டே வரையலாம்.

பேனாவில் முதல் மாதத்துக்கு நான் சொல்வது சாதாரண பால் பாயின்ட் பேனா. அழுத்தினால் கறுப்பு, வருடினால் சாம்பல், ஒரே பேனாவில் இரண்டும் கிடைக்கும். அதில் ஒரு குறை உண்டு, வெளிச்சத்தில் கிடந்தால் வருடக்கணக்கில் மை மங்கும். ஜெல் பேனா கை பட்டால் இழுவும், சேலத்து ஏப்ரல் வியர்வைக்கு அது தாங்காது. மேலே கலர் பூசும் எண்ணம் வந்த பிறகு, நீர் பட்டாலும் கரையாத மை கொண்ட வரைபேனா ஒன்று வாங்கலாம். இங்க் பேனாவில் வரைய விரும்புகிறவர்கள் இந்தியன் இங்க்கை மட்டும் அதற்குள் ஊற்றிவிடாதீர்கள். அந்த மையில் அரக்கு சேர்ந்திருக்கும், காய்ந்து பேனாவை அடைத்துவிடும்.

பென்சில் முதல் மாதம் வேண்டாம். பென்சில் வந்தால் ரப்பர் வரும், ரப்பர் வந்தால் பத்து நிமிடமும் அழிப்பதிலேயே போய்விடும். தப்பான கோட்டைத் தப்பாகவே விட்டுவிட்டு, பக்கத்தில் சரியான கோட்டைப் போடுங்கள்.

நிழல் போட ஆசை வந்தால் கலர் பெட்டி வாங்குவதற்கு முன் வீட்டில் காபி டிகாஷனைத் தொட்டுப் பாருங்கள். ஒரு தடவை பூசினால் வைக்கோல் நிறம், காய்ந்தபின் இன்னொரு தடவை பூசினால் மரத்தின் நிறம். சர்க்கரை போடாத டிகாஷனாக இருக்க வேண்டும். சர்க்கரை இருந்தால் பக்கம் ஒட்டும், எறும்பும் வரும்.

முதல் வாரம்: ஒரே டீ கிளாஸ், ஏழு நாள்

ஏழு நாளும் அதே கிளாஸ்தான். தினமும் புதிதாக எதையாவது தேடினால் தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

முதல் நாள் எல்லோரும் செய்கிற தவறு, கிளாஸின் வாயை முழு வட்டமாகப் போட்டு, அடியை நேர்க்கோடாகப் போடுவது. கிளாஸை எடுத்துக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பாருங்கள், வாய் ஒரு கோடாகத் தெரியும். மெல்லக் கீழே இறக்குங்கள். கோடு வாய் திறந்து நசுங்கிய வட்டமாகும், இறக்க இறக்க இன்னும் உருண்டையாகும். அப்படியானால், மேசைமேல் இருக்கும் கிளாஸில் வாயைவிட அடிப்பக்கம் கண்ணுக்குக் கீழே இன்னும் தள்ளி இருப்பதால், அடியின் வளைவு வாயின் வளைவைவிட உருண்டையாக இருக்க வேண்டும். இது ஒன்று பிடிபட்டால் குடம், வாளி, அண்டா, தூக்குப்போசி எல்லாம் தானாக வந்துவிடும்.

இரண்டாம் நாள், டீக்கடைக் கிளாஸின் பட்டைக் கோடுகளைப் பாருங்கள். நடுவில் இடைவெளி அகலமாகவும் ஓரத்துக்குப் போகப் போக நெருக்கமாகவும் தெரியும். ஒரே இடைவெளியில் போட்டால் கிளாஸ் தட்டையாகிவிடும். மூன்றாம் நாள் டீயின் மட்டம், அதன்மேல் நிற்கிற நுரை. நான்காம் நாள், குடித்து முடித்தபின் உள்ளே ஒட்டியிருக்கும் கறை.

ஐந்து, ஆறாம் நாள் சலிப்பு வரும். கட்டாயம் வரும். அதைத் தாண்டி ஏழாம் நாள் வரையும்போதுதான் ஒன்று நடக்கும். கிளாஸ் உங்களுக்கு ஓர் ஆளாகத் தெரியத் தொடங்கும். வாயோரம் சின்னதாக உடைந்த கிளாஸ் ஒன்றை நான் ஐந்து நாள் தொடர்ந்து வரைந்தேன். "என்னக்கா, கிளாஸை மாத்தித் தரட்டுமா?" என்று கடைத் தம்பி கேட்டான். வேண்டாம் என்றேன். அதற்குள் அது எனக்கு முன்பல் விழுந்த ஒன்றாம் வகுப்புப் பையனாக ஆகியிருந்தது. ஏழாம் நாள் படத்தில் புத்தகப் பை மாட்டிவிட்டேன்.

ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, இடம், அந்த நேரத்தில் காதில் விழுந்த ஒரு வரி. வரி முக்கியம். படம் சுமாராக இருந்தாலும் "பால் இன்னும் வரலீங்க" என்ற ஒரு வரி அந்தக் காலை முழுவதையும் திருப்பிக் கொண்டுவந்து வைக்கும்.

இரண்டாவது வாரம்

காலை எழுந்ததிலிருந்து உங்கள் கை தொட்ட பொருட்களை மனதில் எண்ணுங்கள், தினம் ஒன்றை வரையுங்கள். என் வரிசை இது: தாழ்ப்பாள், ஹெல்மெட், டிபன் பாக்ஸ், கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் எடைத் தராசு, பில் புத்தகம், பட்டறைச் சாவிக்கொத்து, செருப்பு. உங்கள் வரிசை வேறாக இருக்கும், அதுதான் வேண்டும். தறி ஓட்டுகிறவருக்கு நூலை ஊடே ஓட்டும் நாடா, பைக் மெக்கானிக்குக்கு ஸ்பேனர். இந்த வாரத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை, வரைந்துகொண்டே போங்கள்.

மனிதர்களை வரையத் தொடங்கும்போது

மூன்றாவது வாரம் மனிதர்கள். "ஆட்கள் அசைந்துகொண்டே இருக்கிறார்களே" என்பதுதான் எல்லோருடைய புகார். அதற்கு வழி உண்டு. திரும்பத் திரும்ப ஒரே வேலையைச் செய்கிறவரைத் தேர்ந்தெடுங்கள். டீ மாஸ்டர் கையை மேலே தூக்கி ஆற்றுகிறார், கை கீழே வருகிறது, மறுபடி மேலே போகிறது. நீங்கள் வரைய எடுத்துக்கொண்ட நிலை சில விநாடிகளில் மறுபடி வரும். அது வரும்போது மட்டும் பாருங்கள், போனபிறகு தாளில் கோடு போடுங்கள். பரோட்டா வீசுகிறவர், பூக் கட்டுகிற அம்மா, இஸ்திரி போடுகிறவர், பட்டறையில் கொலுசுக்குப் பற்றவைக்கிறவர், எல்லோரும் நமக்காகவே நிற்பது போலத்தான். முகத்தில் தொடங்க வேண்டாம். முதுகின் வளைவைப் போடுங்கள், அப்புறம் கைகள், கடைசியில் தலை. தூரத்தில் வருகிற பழகிய ஆளை முகம் தெரிவதற்கு முன்பே அவர் நடையை வைத்துச் சொல்லிவிடுகிறோம் அல்லவா? ஆளின் அடையாளம் முதுகிலேயே இருக்கிறது.

தெரிந்தவரை வரைந்தால் படத்தைக் காட்டுங்கள். தெரியாதவர் கவனித்துவிட்டால் சிரித்து, நோட்டைத் திருப்பிக் காட்டி, "வரையட்டுங்களா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் பக்கத்தை மூடிவிட வேண்டும். குழந்தைகள் என்றால் கூட இருக்கும் பெரியவரிடம் கேட்காமல் வரையாதீர்கள். ஜங்ஷன் பிளாட்பாரத்தில் தூங்குகிறவர்களை வரைவது சுலபம். ஆனால் அசந்து தூங்கும் ஒருவரை அவருக்குத் தெரியாமல் வரைவது எனக்குச் சரியாகப்படவில்லை. அவர்களுடைய மூட்டை முடிச்சை வரைகிறேன். பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தவறை நானே செய்திருக்கிறேன். எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணனை வரைந்தபோது, சிரிப்பு வரட்டும் என்று அவர் தொந்தியைப் பெரிதாகப் போட்டேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டார். "இவ்வளவு குண்டாவா இருக்கேன் கண்ணு?" என்று மெதுவாகக் கேட்டார், முகம் வாடிவிட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அதே அண்ணனை உள்ளபடி வரைந்து, அவருடைய கரிப்பெட்டியை ரயில் இன்ஜினாக மாற்றினேன். சட்டைகள் எல்லாம் பெட்டி பெட்டியாகப் பின்னால் வருகின்றன. அதன் ஜெராக்ஸ் இன்றும் அவர் வண்டியில் ஒட்டியிருக்கிறது. பெரிதாக்க வேண்டும் என்றால் பொருளைப் பெரிதாக்குங்கள், ஆளின் உடம்பைத் தொடாதீர்கள்.

இரண்டாவது மாதம்: குறும்பு எங்கிருந்து வருகிறது

கண்ணும் கையும் ஓரளவு பழகிய பிறகு விளையாட்டைத் தொடங்கலாம். பிறவியிலேயே நகைச்சுவை உணர்ச்சி உள்ளவர்களுக்குத்தான் இது வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. பழகக்கூடிய சில வழிகள் இருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்த வழி, சொல்லை அப்படியே படமாக்குவது. தமிழில் ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் இதற்கென்றே செய்துவைத்தது போல இருக்கின்றன. ஏற்காட்டுக்குப் போகும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கொண்டை ஊசி என்று தினமும் சொல்கிறோம், அந்தச் சொல்லில் ஒரு கொண்டையும் ஊசியும் இருப்பதை மறந்துவிட்டோம். மலையை ஒரு பாட்டியின் பின்னந்தலையாக வரையுங்கள். காடு முழுக்கக் கொண்டை, அதில் 20 ஊசிகள், ஓர் ஊசியின் மேல் பஸ் ஒன்று முனகிக்கொண்டு ஏறுகிறது. மலையின் கீழே இருக்கும் ஊருக்கு அடிவாரம் என்று பெயர். அடி என்றால் பாதம்தானே, சேலத்துக்காரி ஆயிற்றே நான், அந்தப் பாதத்துக்குக் கொலுசு போட்டுவிட்டேன். செவ்வாய்ப்பேட்டை, செவ்வாய்க்கிழமைச் சந்தையால் வந்த பெயர். ஆனால் செவ்வாய் ஒரு கிரகமும் கூட. அங்கிருந்து இறங்கி வந்த நாலு கை ஆட்கள், நான்கு கைகளாலும் கொலுசை எடுத்துக் குலுக்கிப் பார்த்து விலை பேசுகிறார்கள். ஐந்து ரோடு என்ற சந்திப்பு ஒரு கையாக இருக்கட்டும், ஒவ்வொரு விரலிலும் டிராபிக். உங்கள் பகுதியின் பெயரை ஒரு தாளில் எழுதி, இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஏதோ ஒன்று கிடைக்கும்.

இரண்டாவது வழி, அளவை மாற்றுவது. தட்டுவடை செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு தட்டுவடை, நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், பச்சையும் சிவப்புமாகச் சட்னி, மேலே இன்னொரு தட்டுவடை. அதை ஒரு அறை அளவுக்குப் பெரிதாக்கினால் கீழ்த்தட்டு மெத்தை, மேல்தட்டு போர்வை, நடுவில் காய்கறிகள் நெருக்கியடித்துத் தூங்குகின்றன. இந்தப் படத்துக்கு இன்னொரு நன்மை, அது நேரத்தைப் பழக்கும். தட்டுவடை நமுத்துப்போவதற்குள் வரைந்து முடித்துச் சாப்பிட வேண்டும். மாலையில் தள்ளுவண்டி பக்கம் நின்று இந்த ஒரு பயிற்சியை ஒரு வாரம் செய்தால் கையில் வேகம் கூடிவிடும்.

மூன்றாவது வழி, ஒன்றோடொன்று சேராத இரண்டு, நிஜத்திலேயே சேர்ந்து நிற்கும் இடத்துக்குப் போவது. இதற்குச் சேலத்தில் ஆடி மாதத்தை மிஞ்ச ஒன்றும் இல்லை. கோட்டை மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஊரே திரண்டிருக்கும் அந்த நாட்களில், குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை நடக்கும். அலங்கரித்த வண்டிகளில் சாமி வேடம் போட்டவர்கள் வருவார்கள். ஊர்வலத்தை வரையப் போகாதீர்கள், கூட்டத்தில் நோட்டைத் திறக்கக்கூட இடம் இருக்காது. ஊர்வலத்துக்கு முன்னால், வேடம் போட்டு முடித்துக் காத்திருக்கும் நேரத்தில் போங்கள். நீல வண்ணம் பூசிய சிவன் உதட்டுச் சாயம் கலையாமல் ஸ்ட்ராவில் ஜூஸ் குடிப்பார். முருகன் மொபைலில் பேசிக்கொண்டிருப்பார். நீங்கள் எதையும் கற்பனை செய்ய வேண்டியதில்லை, உள்ளதை வரைந்தால் போதும். அங்கும் கேட்டுவிட்டு வரையுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாக நிமிர்ந்து உட்கார்ந்து கொடுப்பார்கள்.

குறும்பு வராத நாளில் கட்டிடம் வரையலாம். ஏற்காடு ரோட்டில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு புதியவர்களுக்கு நல்ல பாடம். டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய ஸ்டுடியோ அது, இப்போது மிச்சம் இருப்பது முகப்பு வளைவுதான். இடமும் வலமும் ஒத்திருப்பதால் நடுக்கோடு ஒன்றைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் அளந்து அளந்து வரையலாம். கன்னங்குறிச்சிப் பக்கம் மூக்கனேரியில் நீருக்கு நடுவே மண்திட்டுகள், அவற்றின் மேல் மரங்கள், மாலையில் பறவைகள். வெயிலுக்கு எங்கே போனாலும் காலை ஒன்பதுக்கு முன், அல்லது ஐந்துக்குப் பின்.

வரைய முடியாத நாட்கள்

இது வழிகாட்டியில் இருக்க வேண்டிய பகுதி என்றே நினைக்கிறேன். ஏனென்றால் நோட்டைப் பாதியில் விட்டவர்கள் யாரும் கோடு சரியாக வரவில்லை என்று விட்டதில்லை. வீட்டில் ஏதோ ஒன்று நடந்ததால் விட்டிருக்கிறார்கள்.

நான் தொடங்கியதே அப்படி ஒரு நாளில்தான். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். டாக்டர் எப்போது வருவார் என்று யாரும் சொல்லவில்லை, நான்கு மணிநேரம் வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். எதிரே கழற்றிப் போட்ட செருப்புகள். கையில் இருந்த மருந்துக் கடை பில்லின் பின்பக்கத்தில் அவற்றை வரைந்தேன். வார் அறுந்த செருப்பு பக்கத்துச் செருப்பிடம் ஏதோ சொல்வது போலவும், குழந்தை ஷூ ஒன்று எல்லோருக்கும் நடுவில் புகுந்து ஒட்டுக்கேட்பது போலவும் வந்தது. ஏழு ஜோடி. உள்ளே கொண்டுபோய்க் காட்டினேன். அம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் செருப்பு எங்கடீ?" என்றார். வரையவில்லை என்று சொன்னதற்கு, "நாளைக்குப் போடு" என்றார். மறுநாள் போட்டேன். அப்படியே அவர் இருந்த இரண்டு வருடமும் தினமும் ஒன்று: மாத்திரை அட்டை, வெந்நீர் பிளாஸ்க், ஜன்னலுக்கு வரும் அணில். மாலையில் பக்கத்தைக் காட்டாவிட்டால் கேட்பார்.

அதனால் சொல்கிறேன், மோசமான நாளுக்கென்று ஒரு சின்னப் பொருளை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்குச் செருப்பு. எவ்வளவு அலுத்த நாளிலும் ஒரு ஜோடி செருப்பு கண்ணெதிரே கிடக்கும், இரண்டு நிமிடத்தில் வரைந்துவிடலாம். அதுவும் முடியாத நாளில் தேதியை மட்டும் எழுதிப் பக்கத்தை வெறுமையாக விடுங்கள். மறுநாள் இரண்டு பக்கம் வரைந்து கணக்கை நேர்செய்யப் பார்க்காதீர்கள். என் நோட்டுகளில் வெற்றுப் பக்கங்கள் நிறைய இருக்கின்றன, அவை எந்த எந்த நாள் என்று பார்த்தவுடன் எனக்குத் தெரியும்.

வேறு யாராவது கூட வந்தால் தொடர்வது சுலபம். இருந்த இடத்தில் உட்கார்ந்து, கண்ணால் பார்த்து ஊரை வரைகிறவர்களுக்காக, கப்ரியேல் கம்பனாரியோ என்ற செய்தித்தாள் ஓவியர் 2007இல் அமெரிக்காவின் சியாட்டிலில் இருந்து 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார், இன்று உலகம் முழுக்க அதன் கிளைகள் இருக்கின்றன. அவ்வளவு பெரிதாகப் போக வேண்டாம். வாரம் ஒருநாள், இரண்டு பேர், ஒரு டீக்கடை போதும்.

மூன்றாவது மாதம்: சரி, இப்போது ஏற்காடு

சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் வாக்கில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர் வாக்கில். வார நாளில் முதல் பஸ்களில் ஒன்றைப் பிடியுங்கள், சனி ஞாயிறும் மே மாதக் கோடை விழாவும் வரைவதற்கு ஏற்றவை அல்ல. பஸ்ஸுக்குள் வரைய முயல வேண்டாம், வளைவில் தலைசுற்றும். அதற்குப் பதில், ஏறும்போது மூன்றே மூன்று விஷயங்களை உற்றுப் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் எதையும் பேசுவதற்கு முன் அவற்றை வரைந்துவிடுங்கள். நினைவிலிருந்து வரைந்த படத்தில் தேவையில்லாதது தானாக உதிர்ந்திருக்கும். என் ஏற்காட்டுப் பக்கங்களில் சிறந்தவை இப்படி வந்தவைதான்.

மலையில் பேனாவின் நடத்தை மாறும். பனிமூட்டத்தில் தாள் ஈரத்தை இழுத்துத் தொய்ந்துவிடும், மை காய நேரமாகும், வாட்டர்கலர் காயவே காயாது. பால் பாயின்ட் பேனாவையே எடுத்துப் போங்கள். நோட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் கவர், காற்றுக்கு இரண்டு துணிக் கிளிப். தின்பண்டத்தைப் பையின் வாயில் வைக்காதீர்கள், குரங்குகள் பையோடு தூக்கிக்கொண்டு போகும்.

பனியை எப்படி வரைவது என்று கேட்பார்கள். பனியை வரையவே வேண்டாம். பக்கத்தில் இருக்கும் மரத்தை அழுத்திக் கறுப்பாகப் போடுங்கள், அதற்குப் பின்னால் இருப்பதைப் பேனா தாளைத் தொட்டும் தொடாமலும் போடுங்கள், அதற்கும் பின்னால் இருப்பதைப் போடாமல் விடுங்கள். விட்ட இடம்தான் பனி.

ஏரிக்கரையில் படகுக் கூட்டம் அதிகம், எனக்கு அங்கே ஓடாது. காபித் தோட்டங்களின் ஓரமாகப் போகும் ரோடுகள்தான் பிடித்தவை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. இன்றும் சில்வர் ஓக் நிழலில் காபி, அந்த மரத்தையே பிடித்துக்கொண்டு ஏறும் மிளகுக் கொடி என்று மூன்று அடுக்காகத் தோட்டம் நிற்கிறது. மார்ச், ஏப்ரலில் ஒரு மழை பெய்தால் செடிகள் வெள்ளையாகப் பூத்து மல்லிகை போல மணக்கும். நவம்பருக்கு மேல் போனால் சிவந்த பழங்கள். தோட்டத்துக்குள் அனுமதி இல்லாமல் போகாதீர்கள், ரோட்டோரம் இருந்தே எல்லாம் தெரியும். மிளகுக் கொடி மரத்தைப் பிடித்திருக்கும் விதத்தை உற்றுப் பாருங்கள், இடுப்பில் ஏறிய குழந்தை போல இருக்கும். வெளிச்சம் குறைவதற்குள் ரோட்டோரத்திலிருந்து எழுந்துவிட வேண்டும். காட்டெருமைகள் நடமாடும் மலை இது.

பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில் இருக்கும் புல்வெளி மேடு, எல்லாம் நல்ல இடங்கள், நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள். நான் கட்டாயம் உட்காரச் சொல்வது லேடீஸ் சீட் என்ற காட்சி முனையில். எல்லோரும் அங்கே காட்சி பார்க்கப் போகிறார்கள். நீங்கள் உங்கள் வீட்டைத் தேடிப் போங்கள். கீழே சேலம் முழுதும் விரித்துப் போட்டது போலக் கிடக்கும். மேக்னசைட் என்ற தாது வெட்டிய இடங்கள் வெள்ளையாகத் தெரியும், அதை அடையாளமாக வைத்து ஜங்ஷன் பக்கம் எது, செவ்வாய்ப்பேட்டை எது என்று விரலால் தேடுங்கள். பட்டறை இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்ததும் நான் செய்தது, மொத்த ஊரையும் வெறும் புள்ளிகளாக வைத்துவிட்டு, அந்த ஒரு புள்ளிக்கு மேல் மட்டும் ஒரு டீ கிளாஸை வரைந்ததுதான். ஆவி மலை வரை வருகிறது. இரண்டு மாதம் கீழே வரைந்திருக்காவிட்டால் அந்த இடத்தில் எனக்கு வெறும் புள்ளிகள்தான் தெரிந்திருக்கும்.

நோட்டு நிரம்பிய பிறகு

நோட்டின் அட்டையில் தேதிகளை எழுதி நிமிர்த்தி அடுக்குங்கள். தரையோடு ஒட்டிய அலமாரித் தட்டில் வேண்டாம், ஈரம் ஏறும். காய்ந்த வேப்பிலையோ அந்துருண்டையோ போட்டுவைத்தால் புத்தகப் பூச்சி அண்டாது. நிரம்புவதற்குப் பத்துப் பக்கம் இருக்கும்போதே அடுத்த நோட்டை வாங்கிவிடுங்கள், நடுவில் இரண்டு நாள் இடைவெளி விழுந்தால் அது இருபது நாளாகிவிடும்.

பில், டிக்கெட் போன்ற துண்டுத் தாள்களில் வரைந்தவற்றை நோட்டில் ஒட்டும்போது மட்டும் கவனம். இப்போது கடைகளில் தரும் வழுவழுப்பான பில், சூட்டில் எழுத்து வரும் தாள். அதை லேமினேஷனுக்குக் கொடுத்தால் முழுக்கக் கறுத்துவிடும். வெயில் படாமல் வைத்தாலும் அச்சு சில வருடங்களில் மங்கிவிடும். என் முதல் நோட்டின் முதல் பக்கத்தில் அந்த மருந்துக் கடை பில்லை மேல் ஓரத்தில் மட்டும் பசை தடவி ஒட்டியிருக்கிறேன், திருப்பிப் பார்க்கலாம். மருந்துப் பெயர், தொகை, நேரம் எல்லாம் மறைந்து ஒருபக்கம் வெள்ளையாகிவிட்டது. மறுபக்கம் ஏழு ஜோடி செருப்பும் அப்படியே இருக்கின்றன.